இரண்டு பெயர் போட்ட பாட்டு

இன்று மத்தியானம் எங்கள் கந்தோருக்குப் பின்பக்கம் யாரோ பழைய வயர்களைக் குவித்து எரித்தார்கள். உள்ளே இருக்கும் செம்பை எடுத்து விற்பதற்காக எரிக்கிறார்கள். நெல்லியடிச் சந்தையடியில் இது புதிதல்ல. பிளாஸ்ரிக் கருகும் மணம் யன்னலால் வந்ததும், காணி உறுதிப் பத்திரம் ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த என் விரல்கள் நின்றுவிட்டன. வாய்க்குள் இரத்தம் ருசித்தது. உண்மையில் இரத்தம் இல்லை. அந்த மணம் வந்தால் என் நாக்குக்கு அப்படித்தான்.

“என்ன பிள்ளை, முகம் வெளிறிப்போச்சு? யன்னலைச் சாத்துங்கோவன்” என்றார் நான் வேலை பார்க்கும் சட்டத்தரணி அம்மா.

“இல்லை மிஸ், பரவாயில்லை” என்றேன். சாத்த மனம் வரவில்லை. அந்தப் புகைக்குள் நீ நின்றாய். தொண்டைமானாற்றில் உன் வீட்டு முற்றத்தில், நெற்றியிலிருந்து இரத்தம் கண்ணுக்குள் வழிய, உன்னுடைய கீபோர்ட் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நீ போன பிறகு நடந்தவை எதுவும் உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லாமல் எனக்கு அவை நடந்து முடிந்த மாதிரியே இல்லை.

உன்னைப் பற்றி இப்போது கதைக்கிறவர்கள் “பாவம், நல்ல அமைதியான பிள்ளை” என்கிறார்கள். செத்தவர்களுக்கு இப்படிப் பவுடர் பூசுவது எங்கள் சனத்தின் வழக்கம். நீ அமைதியான ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் என் பின்னலை இழுத்தவளை அடித்துவிட்டு அதிபரின் அறைக்கு முன்னால் வெயிலில் நின்றவள் நீ. பிறகு நான் உன் பாட்டுகளைப் பாடத் தொடங்கிய காலத்தில், சுருதி விலகினால் என் முழங்கையில் கிள்ளுவாய். நீலம் பாரித்து நிற்கும். “நொந்தால்தான் அடுத்தமுறை விலகமாட்டாய்” என்பாய். அது பகிடியில்லை. உனக்குப் பாட்டு உயிர்ப் பிரச்சினை.

விடியற்காலையில் உன் அண்ணையின் வள்ளம் கரைக்கு வரும். வலையிலிருந்து மீனைத் தெரிந்து கொடுத்துவிட்டு, அந்தக் கையோடு வந்து கீபோர்ட்டில் இருப்பாய். கட்டைகளுக்கு இடையில் மீன் செதில் காய்ந்து ஒட்டியிருக்கும். சொல்லும் உன்னுடையது, மெட்டும் உன்னுடையது. குரல்தான் என்னுடையது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றைப் பற்றி, கடலில் எரிபொருள் முடிந்து நின்ற வள்ளத்தைப் பற்றி, ஆள் திரும்பாத வீட்டில் அடுப்பு மூட்டுகிறவளைப் பற்றி எழுதினாய். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் உனக்கும் அண்ணைக்கும் அந்தப் பாட்டுகள்தான் ஆட்கள் மாதிரி இருந்தன. கொஞ்சத்தை ஒரு இறுவட்டாக வெளியிட்டோம். மிச்சம் உன் கணினியில் கிடந்தது.

சதா வந்தது அதற்குப் பிறகு. கல்யாண வீடுகளுக்கும் திருவிழாக்களுக்கும் இசைக்குழு கொண்டுபோகிறவன். “தங்கச்சி, உன்ரை சோளகப் பாட்டை எங்கடை மேடையிலை ஒருக்காப் பாடட்டோ?” என்று தேன் மாதிரிக் கேட்டான். நீ ஓம் என்றாய். பெயரைச் சொல்லிவிட்டுப் பாடவேண்டும் என்றுமட்டும் சொன்னாய். சில மாதம் போக, அந்தப் பாட்டை நீ இணையத்தில் ஏற்றிய அன்றே உனக்கு ஒரு அறிவித்தல் வந்தது. இந்தப் பாடல் இன்னொருவருக்கு உரிமையானது, அதனால் உங்கள் காணொளி நீக்கப்பட்டது என்று. அந்த இன்னொருவர் சதா. உன் இறுவட்டிலிருந்த அத்தனை பாட்டையும் வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றின் மூலம் தன் பெயரில் பதிந்து வைத்திருந்தான்.

நீ அதை வாசித்தபோது கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “என்னையே கள்ளி எண்டு அறிவிச்சிருக்கிறாங்களடி” என்று மட்டும் சொன்னாய்.

அந்த வாரம் இணுவில் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் அவனுடைய நிகழ்ச்சி. மாப்பிள்ளை உனக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் அழைப்பும் இருந்தது. பின்னேரம் நாலு ஐந்து சிறுசுகள் மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தன. சதா மைக்கைப் பிடித்து, “அடுத்தது அடியேன் எழுதி இசையமைச்ச பாட்டு” என்றான். மேளம் துள்ளத் தொடங்கியது. ஆள் திரும்பாத வீட்டின் அடுப்புப் பாட்டு அது. குத்தாட்டமாக மாற்றியிருந்தான். அந்தப் பெண் அடுப்பை ஊதும் வரிக்குச் சனம் விசிலடித்தது.

நீ பக்கத்தில் இல்லை என்பதை நான் கண்டுகொண்டபோது நீ மேடையில் நின்றாய். மைக் நிறுத்தும் கம்பியைத் தூக்கி அவனுடைய முகத்தில் அடித்தாய். ஒருமுறை இல்லை. அவன் மூக்கிலிருந்து இரத்தம் பட்டுச் சட்டையில் கொட்டியது. “உது ஆரின்ரை பாட்டு? சொல்லடா, ஆரின்ரை பாட்டு?” என்று கேட்டுக் கேட்டு அடித்தாய். உன்னைப் பிடித்து இழுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். கீழே விழுந்து கிடந்தவன் உன்னைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அதில் வலி இல்லை.

பொலிஸில் அவன் முறைப்பாடு செய்தான். அடித்ததை நீ மறுக்கவேயில்லை. நீதவான் பிணையில் விட்டார். அன்று உனக்காக மன்றில் நின்றவர் எங்கள் சட்டத்தரணி அம்மாதான். கந்தோருக்குக் கூட்டிவந்து கதிரையில் இருத்தி, தேத்தண்ணி குடிக்க வைத்து, பிறகு ஏசினார்.

“அடிச்சதாலை இப்ப நீர் குற்றவாளி, அவர் காயப்பட்டவர். உம்முடைய பாட்டு எங்கை போச்சு?”

“என்ரை பாட்டை நான் எங்கை மிஸ் பதியவேணும்? அரசாங்கக் கச்சேரியிலையோ?”

அவர் சிரித்தார். “எங்கடை நாட்டிலை பதிய ஒரு இடமும் இல்லை, பிள்ளை. காணியெண்டால் பதியலாம். பாட்டை நீர் எழுதி முடிச்ச நேரமே அது உம்முடையது. சட்டம் அப்பிடித்தான் சொல்லுது.”

“எழுதின நேரமே என்ரையெண்டால், அவன்ரை பேர் என்னெண்டு அதிலை கிடக்கு?”

அவர் கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். பிறகு விளக்கினார். இங்கே பதிவு இல்லாவிட்டாலும் பாட்டை வைத்திருக்கும் அந்த இணைய நிறுவனம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பாட்டைப் பதிகிற இடம் உண்டு. எந்த ஊர் ஆளும் விண்ணப்பிக்கலாம். அந்தப் பத்திரத்தைக் காட்டினால் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பாட்டாகச் செய்யத் தேவையில்லை, ஒரே ஆள் ஆக்கியவற்றைச் சேர்த்துப் பதியலாம். இறுவட்டில் வந்தவை ஒரு விண்ணப்பம். இன்னும் வெளிவராதவை வேறொரு விண்ணப்பம். இரண்டையும் கலக்கக்கூடாது.

பின்னேரங்களில் கந்தோர் கணினியில் நீயும் நானும் அதைச் செய்தோம். நீ பாட்டின் பெயரைச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். ஆக்கியவர் என்ற இடத்தில் உன் பெயர் விழும் ஒவ்வொரு தடவையும் நீ திரையைக் குனிந்து பார்ப்பாய். வெளிவராத பாட்டுகளில் கடைசியாக அந்தச் சட்டைப் பாட்டு வந்தது. நான் வழக்கம்போல் உன் பெயரைத் தட்டினேன்.

“அழி” என்றாய்.

“ஏன்?”

“உன்ரை பேரையும் போடு. அந்த ரெண்டு வரியும் நீ தந்தது.”

உண்மைதான். ஒருநாள் கொடியில் காய்ந்த உடுப்பை எடுத்துக்கொண்டிருந்தபோது நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: உப்புக் காய்ந்த சட்டை இது, ஆள் வருமட்டும் மடிக்கமாட்டேன். நீ அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டையே அதைச் சுற்றிக் கட்டினாய்.

“விசர்க்கதை கதைக்காதை. ரெண்டு பேரின்ரை பேர் வந்தால் இந்தக் கூட்டத்தோடை சேர்க்கேலாது. அதுக்கெண்டு தனியா இன்னொரு விண்ணப்பம் போடவேணும். பிறகு பார்ப்பம், இப்ப உன்ரை பேரிலை போவம்” என்றேன்.

நீ என் கையைப் பிடித்துத் தட்டச்சுப் பலகையிலிருந்து விலக்கினாய். நொந்தது. “உன்ரை வரிக்கு என்ரை பேரைப் போட்டால் அவனுக்கும் எனக்கும் என்னடி வித்தியாசம்? தனியப் போடு. ஆயிரம் விண்ணப்பம் வேணுமெண்டாலும் போடு.”

தனியாகப் போட்டோம். இரண்டு பெயர். என் பெயர் உன் பெயருக்குக் கீழே வந்தது. நீ அதை மேலே போடச் சொல்லி இன்னொரு சண்டை பிடித்தாய். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பாட்டுகளின் ஒலிப்பதிவு எல்லாவற்றையும் விண்ணப்பத்தோடு அனுப்பி முடித்த நாள், “வா, வீட்டை போய்க் கூழ் காய்ச்சுவம்” என்று கூட்டிப்போனாய். அண்ணை கடலால் வந்து கிழிந்த வலை பொத்தக் கரைக்குப் போயிருந்தார். நீ நண்டைக் கழுவிக்கொண்டிருந்தாய். வெயில் இன்னும் சாயவில்லை. மோட்டார்சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் கேட்டது. ஒன்று இல்லை, இரண்டு மூன்று. படலையை உதைத்துத் திறந்தார்கள். தலையில் ஹெல்மெட், கையில் வாள்.

நேரே உன் அறைக்குள் போனார்கள். கணினியையும் கீபோர்ட்டையும் இழுத்து முற்றத்தில் போட்டு மிதித்தார்கள், பெற்றோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். நீ கழுவிக்கொண்டிருந்த சட்டியை எறிந்துவிட்டு ஓடினாய். ஒருவன் வாளை ஓங்க, வலது கையைக் கொடுத்தாய். அந்தச் சத்தம் எனக்கு மறக்காது. தேங்காய் உடைபடுகிற மாதிரி இல்லை, கருவாடு வெட்டுகிற மாதிரியும் இல்லை. எதைப் போலவும் இல்லை. உன் இரண்டு விரல்கள் மண்ணில் கிடந்தன. இரண்டாவது வெட்டு நெற்றிக்கு மேலே விழுந்தது.

நான் ஒருவனின் முதுகில் பாய்ந்து ஹெல்மெட்டை இழுத்தேன். அவன் முழங்கையால் என் வாயில் இடித்தான். பல் உடைந்து நான் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன். கூரையில் செருகியிருந்த அண்ணையின் மண்டாவை நீ இடது கையால் உருவினாய். பெரிய மீன் குத்துகிற ஈட்டி. உன்னை வெட்டியவன் மோட்டார்சைக்கிளில் ஏறக் காலைத் தூக்கும்போது அவன் தொடையில் அதைப் பாய்ச்சினாய். அவன் போட்ட கத்தலில்தான் ஊர் ஓடிவந்தது. மண்டா தொடையிலிருக்கவே அவனை மற்றவன் ஏற்றிக்கொண்டு போனான்.

பிறகு நீ திரும்பி நெருப்பைப் பார்த்தபடி நின்றாய். கண்ணுக்குள் இரத்தம். கீபோர்ட்டின் கட்டைகள் ஒவ்வொன்றாக வளைந்து உருகின.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்ததும் நீ கேட்டது கையைப் பற்றி இல்லை. “எல்லாம் போய்ச் சேர்ந்திட்டுதோ?”

“ஓம். அவங்கள் வரமுன்னமே போயிட்டுது.”

“அப்ப எரியட்டும்” என்று சொல்லிச் சிரித்தாய். தையல் போட்ட முகத்தில் அந்தச் சிரிப்பு கோணலாக வந்தது. எனக்கு அழுகை வந்தது. பல் இல்லாத வாயோடு நானும் சிரித்தேன்.

தொடையில் மண்டாவால் குத்துப்பட்டவனும் சிகிச்சைக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குத்தானே போகவேண்டும். போன இடத்தில் பொலிஸ் பிடித்தது. அனுப்பியது சதா என்று அவன் சொன்னான். சதாவை வீட்டிலிருந்து கொண்டுபோனபோது “கலைஞனுக்கு இந்த ஊரிலை மரியாதை இல்லை” என்று கத்தினானாம்.

மிச்சமிருந்த விரல்களால் நீ மறுபடி வாசிக்கப் பழகினாய். ஆனால் வலிப்பு வரத் தொடங்கியது. தலையில் விழுந்த வெட்டு உள்ளே எங்கேயோ வேலை செய்துகொண்டிருக்கிறது என்றார் டொக்டர். பதிவுப் பத்திரங்கள் வந்தது அந்த நாட்களில்தான். நாங்கள் மறுப்பு அனுப்பினோம், பத்திரத்தைக் காட்டினோம், கொஞ்ச நாளில் சோளகப் பாட்டு உன் பெயரோடு திரும்ப இணையத்தில் ஏறியது. அன்று அயலட்டை முழுக்கக் கேட்கும்படி அதைப் போட்டுவிட்டு நீ படலையடியில் போய் நின்றாய். “தள்ளி நிண்டு கேட்டால்தான் பிழை தெரியும்” என்றாய். உனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. என் கண்முன்னே அழுதாய். அதை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது அன்றுதான்.

அதன்பிறகு வந்த வலிப்பில் நீ எழும்பவில்லை.

செத்தவீட்டுக்கு இசைக்குழுவின் பெயரில் ஒரு மலர்வளையம் வந்தது. சதா மறியற்சிறையில், ஆட்கள் வெளியில். நான் அதைத் தூக்கி ஒழுங்கைக்குக் கொண்டுபோய்க் காலால் மிதித்தேன். பூ போய், ஈர்க்கு போய், கம்பி வளையம் மட்டும் மிஞ்சுமட்டும் மிதித்தேன். யாரும் தடுக்கவில்லை.

உனக்கு இனித் தெரியாதது இது. உன் பாட்டுகளின் உரிமை அண்ணைக்கு வந்தது. அவருடைய வள்ளத்தின் எஞ்சினை ஒருநாள் உடைத்துப்போட்டிருந்தார்கள். அடுத்த கிழமை சதாவின் தம்பி அவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் கந்தோருக்கு வந்தான். புது எஞ்சின் வாங்கித் தருவதாகவும், பாட்டெல்லாவற்றையும் எழுதித் தரும்படியும் கதை. அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை. “தங்கச்சியே போயிட்டாள். எனக்குப் பாட்டு என்னத்துக்கு, பிள்ளை?” என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. தனியாகக் கடலுக்குப் போகிற மனுசன்.

சட்டத்தரணி அம்மா, அவர்கள் கொண்டுவந்த ஒப்பந்தத்தை உரத்து வாசித்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார். “ஆக்கியவரின்ரை பேரை மாத்திறதெண்டு போட்டிருக்கு. அது நடவாது. வருமானத்தை எழுதிக் குடுக்கலாம். எழுதினது ஆர் எண்டதை ஒருத்தரும் விக்கவும் ஏலாது, வாங்கவும் ஏலாது.”

“பேர் மாறாட்டில் உது எங்களுக்கு என்னத்துக்கு?” என்றான் சதாவின் தம்பி.

அண்ணை மெல்லத் தலையைத் தூக்கினார். “அவளின்ரை பேருக்கோ வந்தனீ?”

“இல்லையண்ணை, அது வந்து...”

“கையை வெட்டினியள். ஆளைச் சாகடிச்சியள். இப்ப பேருக்கோ வந்தனீ?” அவனுடைய சட்டைக் கழுத்தைப் பிடித்துக் கதிரையோடு தூக்கினார். கதிரை விழுந்தது. சுவரோடு சாத்தி வைத்து அடித்தார். வலை இழுக்கிற கை அது. அம்மா “வேண்டாம், வேண்டாம்” என்று கத்த, நான் வாசற்கதவைத் திறந்துவிட்டேன். அந்த வழியால் அவனை வீதிக்கு எறிந்தார். ஒப்பந்தத்தைக் கையால் கிழிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “பொலிஸுக்குக் குடுப்பம்” என்றார். எஞ்சினை உடைத்தது யார் என்பது அதோடு வெளியே வந்தது.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது என்னைச் சாட்சிக்கு ஏற்றினார்கள். எதிரியின் சட்டத்தரணி கெட்டிக்காரர். நீ மண்டபத்தில் அடித்ததைப் பற்றிக் கேட்டார், மண்டாவைப் பற்றிக் கேட்டார், பிறகு சிரித்துக்கொண்டு, “ஒரு பாட்டிலை உங்கடை பேரும் இருக்கு. உங்களுக்கும் இதிலை பங்கு இருக்கிறபடியால்தானே இந்தச் சாட்சி?” என்றார்.

“ஓம், பேர் இருக்கு.”

“எத்தினை வரி எழுதினீங்கள்?”

“ரெண்டு.”

“ரெண்டே ரெண்டு வரிக்கு உங்கடை பேரைப் போட்டவவோ?”

“ஓம் ஐயா. நான் வேண்டாமெண்டு சொல்லவும் போட்டவள். ரெண்டு வரியைக் கூடத் தன்ரை எண்டு சொல்லாதவளின்ரை முழுப் பாட்டையும் எடுத்தவர் அந்தக் கூட்டிலை நிக்கிறார்.”

அவர் தன் இடத்தில் போய் இருந்தார். தீர்ப்பு வந்தது. சதாவும் உன்னை வெட்டியவனும் சிறையில் இருக்கிறார்கள். அன்று வெளியே வந்து அண்ணையும் நானும் மரத்தடியில் நின்றோம். எங்கள் இரண்டு பேருக்கும் சந்தோசமாக இருக்கவில்லை. “அவள் நிண்டிருந்தால் இண்டைக்கும் ஆரையாவது அடிச்சிருப்பாள்” என்றார் அண்ணை. அதற்குமட்டும் சிரித்தோம்.

மன்னித்துவிட்டாயா என்று கோயிலில் ஒரு அம்மா என்னைக் கேட்டார். இல்லை என்றேன். நீயும் அதை என்னிடம் கேட்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் சட்டத்தரணி அம்மா இன்னொன்றைச் சொன்னார். ஆக்கியவர் இறந்து எழுபது வருசம் போனால் பாட்டுக்குக் காவல் இல்லை, யாரும் எடுக்கலாம் என்று. உன் பாட்டுகளுக்கு அந்தக் கணக்கு நீ போன வருசத்தோடு தொடங்கிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து ஆக்கியதென்றால், கடைசியாக மிஞ்சுகிறவர் இறந்த பிறகுதான் கணக்குத் தொடங்குமாம்.

சட்டைப் பாட்டுக்கு இன்னும் தொடங்கவில்லை. நான் இருக்கிறேன்.